வேண்டாமல் வலையில் விழுபவை: வன்னிக் கரையில் ஆதரவை எங்கிருந்து திரட்டுவது?

வலையில் தேவையில்லாமல் மாட்டிச் சாகிற உயிர்களைக் குறைக்க வேண்டும் என்பதில் வன்னிக் கரையில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. கொக்கிளாயில் கேட்டாலும் நாச்சிக்குடாவில் கேட்டாலும் வங்காலையில் கேட்டாலும், குஞ்சை வாரினால் நாளைக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது என்பதைத் தொழிலுக்குப் போகிறவர்களே சொல்வார்கள். அதற்கு மக்களை எப்படித் துணைக்குச் சேர்ப்பது என்று வரும்போதுதான் ஆளுக்கொரு பக்கமாக இழுக்கிறோம்.

மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் போய் நின்று, இருக்கிற சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கேட்போம் என்பது ஒரு வழி. ஆமை, ஆவுளியா (கடற்பசு), ஓங்கில் (டொல்பின்) படங்களைக் காட்டி மக்கள் மனத்தைத் தொடுவோம் என்பது இன்னொன்று. நண்டு வாங்கும் கொம்பனியையும் அதன் வெளிநாட்டு வாடிக்கையாளரையும் பிடிப்போம் என்பது மூன்றாவது. முதலில் எங்கள் ஊருக்குள் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, அதைக் காட்டி மற்றவர்களை அழைப்போம் என்பது நான்காவது. சங்கங்களிடம் இருக்கிற பணமும் ஆளும் நேரமும் கொஞ்சம். நாலையும் அரைகுறையாகத் தொடங்கினால் ஒன்றும் கரை சேராது. ஒன்றை முன்னால் வைத்து மற்றவற்றை அதற்குத் துணையாக்க வேண்டும். எனக்கு இதில் தெளிவான ஒரு பக்கம் உண்டு. ஆனால் மற்ற மூன்றையும் நேர்மையாக எடைபோடாமல் அதைச் சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை.

எந்த வலையில் எது

ஆதரவு கேட்டுப் போகிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பது திட்டமாக இருக்க வேண்டும். கடலைக் காப்போம் என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

பூநகரிக் கரையில் வலைப்பாடு, கிராஞ்சி, இரணைமாதாநகர், நாச்சிக்குடா என்று நண்டுத் தொழில் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பின்னேரம் கடலில் விட்ட அடிவலையை விடியற்புறம் எடுத்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அப்புறம் நிழலில் உட்கார்ந்து, பெரும்பாலும் பெண்கள், நண்டை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். கால் முறிந்தால் விலை விழும், அதனால் அவசரப்பட முடியாது. அந்த வலைக் குவியலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பிரச்சினை முழுவதும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். நண்டோடு திருக்கைக் குஞ்சு வந்திருக்கும், பேத்தை வந்திருக்கும், சங்கு, கடற்பஞ்சு, முறிந்த பவளத் துண்டு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற குஞ்சு நண்டு, வயிற்றுக்கு அடியில் மஞ்சள் சினையை அணைத்தபடி வந்த பெட்டை நண்டு எல்லாம் வந்திருக்கும். ஒரு பெட்டை நண்டின் சினையில் இருப்பது லட்சக்கணக்கான முட்டை. குஞ்சு நண்டைக் கழற்றவும் பெரிய நண்டைக் கழற்றவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கிறது, ஆனால் குஞ்சுக்கு விலை இல்லை. பேத்தை நூலைக் கடித்து வலையில் ஓட்டை போட்டுவிடும். ஆகவே வேண்டாத பிடிபாட்டால் கடலுக்கு வருகிற நட்டத்தோடு, வலை வைத்திருக்கிறவரின் பணமும் கழற்றுகிறவரின் பொழுதும் சேர்ந்தே போகின்றன. இதை மறக்காமல் இருந்தால் பின்னால் வருகிற கணக்கெல்லாம் சுலபமாக விளங்கும்.

முல்லைத்தீவுப் பக்கம் நிலைமை வேறு. நாயாறு, கொக்கிளாய், நந்திக்கடல் களப்புகளில் சிறு கண் வலைகள் இறாலோடு மீன் குஞ்சுகளையும் வழித்து எடுக்கின்றன. வெளிக்கடலில் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் சுருக்கு வலையும், வெளிச்சம் பாய்ச்சி மீனைக் கூட்டிப் பிடிக்கும் முறையும் நீண்ட காலச் சண்டை. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலோன் வலை, இன்னும் பாவனையில் இருக்கிறது. அது அறுந்து கடலில் போனால் யாருக்கும் பயன்படாமல் தன்பாட்டில் பிடித்துக்கொண்டே கிடக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது இழுவை மடி. கடலடியை வழித்துக்கொண்டு போகிற மடிக்குத் தெரிவு என்று ஒன்று கிடையாது. 2010 முதல் 2014 வரையான காலத்தை வைத்து ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் வெளியிட்ட கணிப்பின்படி, உலகக் கடல்களில் பிடித்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே கொட்டப்படுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 91 லட்சம் தொன். பிடித்ததில் இது 10.8 வீதம். கொட்டப்படுவதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 46 வீதம், அடித்தள இழுவை மடிகளில் இருந்து வருவது.

வீதிக்கு இறங்குவது

போராட்டம் வன்னி மக்களுக்குப் புதிதில்லை. மீனவர் போராடினால் சட்டம் அசையும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கேரளத்தில் 1980களில் சிறு மீனவர்கள், பங்குத்தந்தையரும் கன்னியாஸ்திரிகளும் துணை நிற்க, உண்ணாவிரதமும் மறியலும் நடத்தினார்கள். மழைக்காலத்தில், மீன் குஞ்சு பெருகும் வேளையில், இழுவைப் படகு கடலுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. 1988 இல் அந்தத் தடை வந்தது. இன்றும் ஆண்டுதோறும் நடைமுறையில் இருக்கிறது. அது நிலைத்ததற்குக் காரணம், நாளைக் குறித்துப் படகைத் துறைமுகத்தில் கட்டிவைக்கிற தடை அது. கடைப்பிடிக்கிறார்களா என்று கரையில் நிற்கிற எவரும் பார்த்துச் சொல்லலாம்.

எங்களிடமும் சட்டம் இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டத்துக்கு 2017 இல் வந்த 11 ஆம் இலக்கத் திருத்தம் அடித்தள இழுவை மடியை நாடு முழுவதும் தடைசெய்தது. அது அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ.சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தில் இருந்து தொடங்கியது. வடக்கு மீனவர்களின் நீண்ட காலக் கோரிக்கை இல்லாமல் அது வந்திருக்காது. ஆனால் சட்டம் வந்த பிறகும் உள்ளூர் இழுவைப் படகுகள் முற்றாக நிற்கவில்லை, எல்லை தாண்டி வருபவையும் நிற்கவில்லை. எனவே வீதிக்கு இறங்கினால் இன்று கேட்க இருப்பது நடைமுறை ஒன்றுதான்.

நடைமுறையைக் கேட்டுப் பெறுவது, சட்டத்தைக் கேட்டுப் பெறுவதைவிடக் கடினம். ஐரோப்பாவில் இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. பிடித்த மீனைக் கடலில் திருப்பிக் கொட்டுவதற்கு எதிராகப் பிரித்தானியாவில் ஒரு தொலைக்காட்சிச் சமையற்காரர் தொடங்கிய இயக்கத்துக்கு 8 லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் மீன்பிடிக் கொள்கையையே மாற்றியது. 2015 இல் இருந்து 2019 வரை கட்டம் கட்டமாக, பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. இத்தனை பேர் சேர்ந்து கொண்டுவந்த விதியைப் படகின் தட்டில் நின்று பார்க்க ஆள் இல்லை. கொட்டுவது பெருமளவில் தொடர்ந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் கரையில் இருந்தார்கள். மீனைக் கொட்டுகிறவர் நடுக்கடலில் இருந்தார், அவரை யாரும் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளவில்லை.

வன்னியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பொலிஸோ கடற்படையோ சட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் அகப்படுவது சின்னத் தொழிலாளியின் தங்கூசி வலை. 2009 இல் எல்லாவற்றையும் விட்டு வெறுங்கையோடு வந்து, கடன் பட்டு வலை வாங்கியவரின் வலை பறிபோனால் அவர் இந்த முயற்சிக்கு வாழ்நாள் எதிரி ஆகிவிடுவார். பெரிய முதலாளியின் சுருக்கு வலை அடுத்த கிழமை திரும்பக் கடலுக்குப் போகும். 2018 இல் முல்லைத்தீவு மீனவர்கள் வெளிச்சம் பாய்ச்சும் முறைக்கும் வெளிமாவட்டத்தவரின் தொழிலுக்கும் எதிராகக் கொதித்து எழுந்ததை எல்லோரும் பார்த்தோம். கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது யார் வந்து பிடிப்பது என்ற வழக்காக மாறிப்போனதால், எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

இந்திய இழுவைப் படகு விடயத்திலும் இதே ஆபத்து. வாரத்தில் மூன்று நாள் அவை வருகின்றன என்று தெரிந்து, அந்த இரவுகளில் வலை போடாமல் வீட்டில் இருக்கிற குடும்பங்கள் எங்கள் கரையில் ஏராளம். அந்த இழப்பைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. அந்தப் படகுகளில் கூலிக்கு வருகிறவர்களும் எங்களைப் போல ஏழைகள்தான், ஆனால் மடி ஏழை பணக்காரன் பார்த்து வழிப்பதில்லை. அதற்காகக் குரல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கூட்டம் ஒவ்வொன்றும் அந்த ஒரு பேச்சோடு முடிந்துவிட்டால் எங்கள் சொந்த வலையைப் பற்றிப் பேச நேரமே வராது. அவர்கள் நிறுத்தட்டும், பிறகு பார்ப்போம் என்பது நியாயமான கோபமாகத் தொடங்கி, கடைசியில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கான காரணமாகிவிடுகிறது.

மனத்தைத் தொடுவது

உயிர்களைக் காட்டி உலகத்தைத் திருப்பிய கதைகளில் பெரியது ஓங்கில் கதை. கிழக்குப் பசிபிக்கில் சூரை மீன் கூட்டம் ஓங்கில்களோடு சேர்ந்து திரியும். ஓங்கிலைக் கண்ட இடத்தில் சுருக்கு வலையைச் சுற்றினார்கள். பத்தாண்டுக் கணக்கில் லட்சக்கணக்கான ஓங்கில்கள் செத்தன. சாம் லபட்டே என்ற இளைஞர் ஒரு பனாமாப் படகில் சமையற்காரராகச் சேர்ந்து எடுத்த காட்சிகள் 1988 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தன. மக்கள் ரின் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள், பள்ளிப் பிள்ளைகள் கொம்பனிக்குக் கடிதம் எழுதினார்கள். 1990 சித்திரையில் பெரிய ரின் மீன் கொம்பனியான ஸ்டார்கிஸ்ட், ஓங்கிலைச் சுற்றிப் பிடித்த மீனை வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. மற்ற இரண்டு பெரிய கொம்பனிகளும் உடனே பின்னால் வந்தன.

வன்னியிலும் இப்படிச் செய்யலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆசை நல்லது. ஆனால் அங்கே வேலை செய்தது படம் மட்டுமில்லை. ரின்னில் பெயர் இருந்தது, அந்தப் பெயரை மக்கள் கடையில் தள்ளிவைக்க முடிந்தது, மூன்று கொம்பனி மாறினால் சந்தையே மாறியது. எங்கள் மீன் கரையில் ஏலத்தில் போகிறது. முள்ளியவளைச் சந்தையில் அறுக்குளா வாங்குகிற அம்மா, அது எந்த வலையில் வந்தது என்று கேட்க வழியில்லை. கேட்டாலும் பதில் சொல்லக்கூடியவர் அங்கே இல்லை.

ஆவுளியா விடயத்தில் இந்த வழி கெடுதலும் செய்யும் என்று நினைக்கிறேன். மன்னார்க் கடலில் மிச்சமிருக்கிற அந்தக் கடற்பசு எழுபது ஆண்டு வரை வாழக்கூடியது. ஆனால் ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும், வயிற்றில் சுமப்பதே ஓராண்டுக்கு மேல். ஆகவே வலையில் ஒன்று போனால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டு வேண்டும். அது மூச்சுவிடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும், அடிவலையில் சிக்கினால் விடியும்வரை தாங்காது. இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கே, எந்த வலையில், எந்த மாதத்தில் சிக்குகிறது என்பதை மீனவர்தான் சொல்ல வேண்டும். கொலைகாரன் என்ற மாதிரி ஒரு சுவரொட்டி ஊருக்குள் வந்துவிட்டால் யார் சொல்வார்? பாதுகாக்கப்பட்ட விலங்கு, வழக்கு வரும் என்ற பயத்தில் உடலைக் கல்லைக் கட்டித் தாழ்த்திவிடுவார்கள், அல்லது பேசாமல் வெட்டிப் பங்கிடுவார்கள். பழிசொல்லித் திரட்டுகிற ஆதரவு நகரத்தில் கூடும், கரையில் வாய் மூடும். எங்களுக்குத் தேவையான தகவல் முழுவதும் கரையில் இருக்கிறது.

மனத்தைத் தொடுகிற வேலைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மீனவரை முன்னால் நிறுத்திச் செய்தால் அதற்கு நல்ல இடம் உண்டு. ஆமையை எடுத்துக்கொள்வோம். வலையில் ஆமை அசையாமல் வந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் எறிகிறார்கள். பல நேரம் அது தண்ணீர் குடித்து மயங்கியிருக்கும், எறிந்தால் நிச்சயமாகச் சாகும். அதைப் படகில் வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயரம் தூக்கிவைத்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் விட்டால் நுரையீரலில் இருந்து தண்ணீர் வடியும். தெளிவதற்குச் சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். தெளிந்த பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு மெல்லத் தண்ணீரில் விட வேண்டும். இதைப் படகுக்காரர் ஒருவர் தன் கையால் செய்துகாட்ட, ஒரு பிள்ளை கைத்தொலைபேசியில் எடுத்தால், அலம்பிலில் இருந்து சிலாவத்துறை வரை ஆட்கள் பார்ப்பார்கள். அதில் குற்றவாளி இல்லை, செய்யத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

வாங்குகிறவரைப் பிடிப்பது

மீன் விடயத்தில் பெயர் இல்லை என்றேன். நண்டு விடயத்தில் பெயர் உண்டு. பூநகரி, மன்னார்க் கரை நீல நண்டில் பெரும்பகுதி பதனிடும் நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறுகிறது. அமெரிக்கா முக்கியமான சந்தை. அந்த நாட்டின் கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016 இல் ஒரு விதி வெளியானது: தங்கள் நாட்டுக்குக் கடலுணவு அனுப்புகிற நாடுகள், ஓங்கில், ஆவுளியா போன்ற கடற்பாலூட்டிகள் வலையில் சாவதைத் தடுக்கத் தங்கள் நாட்டுக்கு இணையான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். பலமுறை தள்ளிப்போன பிறகு, அமுலுக்கு வரும் நாளாக 2026 தை முதலாம் திகதி குறிக்கப்பட்டது. கடற்புல் வளர்ந்த ஆழங்குறைந்த கடலில் ஆவுளியாவும் நண்டு வலையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஆகவே இரணைமாதாநகரில் விழுகிற வலைக்கும் அமெரிக்காவின் சாப்பாட்டு மேசைக்கும் நேரடித் தொடர்பு வந்துவிட்டது.

வெளிச் சந்தை நெருக்கினால் இலங்கை அசையும் என்பதும் தெரிந்த விடயம். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 தை முதல் எங்கள் மீனைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் தடை நீங்குவதற்குள் பல ஆண்டு இழுபட்ட ஒழுங்குகள் அவசர அவசரமாக நடந்தன. அப்படிப்பட்ட வேகத்தை எந்த ஊர்வலமும் கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் இந்த வழியை முன்னால் வைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. விலை விழுந்தால் அதைத் தாங்குகிறவர் கொம்பனிக்காரர் இல்லை. கரையில் நண்டு வாங்குகிறவரிடமே வலைக்கும் இஞ்சினுக்கும் முற்பணம் வாங்கியிருக்கிற குடும்பங்கள் நிறைய. அவருக்குத்தான் நண்டைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. சந்தை மூடினால் கடன் மட்டும் மிஞ்சும். கொம்பனி வேறு நாட்டுக்கு நகர்ந்துவிடலாம், வலைப்பாடு நகர முடியாது. நண்டு கழற்றுகிற பெண்களின் கூலி அன்றைக்கே நின்றுவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இந்த நண்டை வாங்காதே என்று கேட்கிற பிரசாரம், புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளுக்குச் சுலபமாகத் தோன்றலாம். அவர்களிடம் என் வேண்டுகோள், அப்படித் தொடங்க வேண்டாம். குஞ்சு நண்டு வேண்டாம், சினை நண்டு வேண்டாம், பெரிய கண் வலையில் வந்த நண்டுக்குக் கிலோவுக்குக் கூடுதலாகத் தா என்று கேட்கிற பிரசாரமானால் அது வேறு. அதைக் கேட்கிறபோது கரையில் இருந்து ஒரு சங்கம், எந்த வலையில் என்ன வந்தது என்று எழுதிய கணக்குப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் புத்தகம் எங்கிருந்து வரும் என்றால், நான்காவது வழியில் இருந்து.

ஊருக்குள் கட்டுப்பாடு

எங்கள் கரைக்குக் கட்டுப்பாடு புதிது என்று யாராவது சொன்னால் கரைவலைப் பாட்டை, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடத்துக்கான உரிமை முறையை, பார்க்கச் சொல்வேன். யாருக்கு எந்தப் பாடு, யார் முதலில் வளைப்பது, முறை எப்படி மாறும் என்பதெல்லாம் தலைமுறையாக ஒத்துக்கொண்ட ஒழுங்கு. மீறினால் பொலிஸுக்கு முன்னால் ஊர் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிற கத்தோலிக்கக் கரைகள் உண்டு. சட்டப் புத்தகத்தில் இல்லாத அந்த ஒரு நாள் ஓய்வைக் கடற்படை வந்து காவல் காக்க வேண்டியதில்லை.

ஊர் ஒன்றாக நின்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இரணைதீவு போதும். அந்தத் தீவில் இருந்து 1992 இல் இடம்பெயர்ந்து, கடற்படை நின்றதால் திரும்ப முடியாமல் இருந்த மக்கள், 2017 வைகாசியில் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு விடாமல் இருந்து போராடி, 2018 சித்திரையில் தாங்களே படகேறித் தீவுக்குத் திரும்பிப் போனார்கள். பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். வெளியில் இருந்து வந்த ஆதரவு எல்லாம் அவர்கள் உட்கார்ந்த பிறகு வந்தது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மக்கள் ஆதரவு என்றால் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து கரைக்கு வருவது என்று நினைத்துவிடுகிறோம். இரணைதீவில் அது கரையில் இருந்து வெளியே போனது.

சரி, என்ன கட்டுப்பாடு? நண்டு வலையில் கண்ணைப் பெரிதாக்குவது முதலாவது. குஞ்சு நண்டு கடலிலேயே நழுவிப் போய்விடும், கழற்றுகிற பொழுதும் மிஞ்சும். வலையின் உயரத்தைக் குறைத்துப் பார்ப்பது அடுத்தது. நண்டு அடியில் நகர்கிற உயிர், மேலே நிற்கிற வலை மீனையும் ஆமையையும்தான் மறிக்கிறது. ஆவுளியா மேய்கிற கடற்புல் திட்டுகளை ஊரில் உள்ள பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். அந்தத் திட்டுகளில் இரவில் வலை விடுவதில்லை என்று ஒத்துக்கொண்டால், ஒரு வரைபடமும் இல்லாமலே அது நடக்கும். பாக்குநீரிணையின் அக்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022 இல் 448 சதுர கிலோமீற்றர் கடலை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. கடலுக்குள் வேலி இல்லை, விலங்கு இரண்டு பக்கமும் போய்வரும். இக்கரையில் ஊர்கள் தாங்களாகவே சில திட்டுகளை விட்டுவைத்தால் அந்தப் பக்கத்து முயற்சிக்கும் பொருள் கூடும்.

வெளியிடங்களில் சோதித்த முறைகளும் உண்டு. பாகிஸ்தானில் சூரை வலையின் தலைக்கயிற்றை (மேல்விளிம்புக் கயிறு) கடலின் மேல்மட்டத்தில் இருந்து 2 மீற்றர் கீழே இறக்கி விட்டபோது ஓங்கில்கள் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. பெருவில் செவுள் வலையில் சிறு பச்சை விளக்குகளைக் கட்டிப் பார்த்ததில் பச்சை ஆமை சிக்குவது 64 வீதம் குறைந்தது, மீன் குறையவில்லை. ஆனால் விளக்கு என்ற பேச்சை முல்லைத்தீவில் எடுக்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும். வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதற்கு எதிராகப் போராடிய ஊரில், வலையில் விளக்குக் கட்டுங்கள் என்று ஒரு திட்ட அதிகாரி வந்து சொன்னால் கூட்டம் அந்த இடத்திலேயே கலையும். தலைக்கயிற்றை இறக்குவதற்கு ஒரு செலவும் இல்லை, அதில் தொடங்கலாம்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஓர் ஊர் பெரிய கண்ணுக்கு மாறி, பக்கத்து ஊர் மாறாவிட்டால் மாறிய ஊருக்குத்தான் நட்டம். புது வலைக்குப் பணம் வேண்டும், முற்பணம் கொடுத்த முதலாளி அதற்குக் கொடுக்க மாட்டார். வெளியூரில் இருந்து பருவத்துக்கு வந்து வாடி (தற்காலிகக் கொட்டில்) போடுகிறவர்கள் சங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்பார்கள். இழுவைப் படகு வந்தால் பெரிய கண், சிறிய கண் எல்லாம் ஒன்றாகவே போகும். மெதுவான வேலை இது, செய்தித்தாளில் வராது. ஆர்வத்தோடு வருகிற இளைஞர்களுக்குப் பொறுமை போய்விடும்.

என் தெரிவு

இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் ஊர்க் கட்டுப்பாட்டைத்தான் முன்னால் வைப்பேன். நண்டு ஊர்களில் தொடங்குவேன், முல்லைத்தீவில் இல்லை. முல்லைத்தீவின் சண்டையில் வெளிமாவட்டம், குடியேற்றம், முதலாளி எல்லாம் பின்னிக் கிடக்கின்றன, அங்கே முதல் வெற்றியைத் தேடுவது கடினம். பூநகரிக் கரையில் ஒரே வலை, ஒரே நண்டு, அடுத்தடுத்த ஊர்கள், ஒரே வாங்குகிற சங்கிலி. நாலு ஊர்ச் சங்கம் ஒன்றாக ஒத்துக்கொண்டால் பக்கத்து ஊர் என்ற பயம் பாதி தீர்ந்துவிடும். வாங்குகிறவரோடு விலை பேசுவதற்கும் நாலு ஊர் போதும்.

கணக்கு எடுப்பதற்கு நண்டு கழற்றுகிற பெண்களைக் கேட்பேன். கூட்டத்தில் கதிரையில் உட்காருகிறவர்களைவிட வலைக்குள் என்ன வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு குஞ்சையும் கையால் கழற்றி எறிகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்த வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும், இலவசமாகச் செய்யுங்கள் என்று கேட்கக் கூடாது. புலம்பெயர்ந்த உறவுகள் உதவ விரும்பினால் முதலில் இதற்கும், அடுத்து பெரிய கண் வலைக்கான சுழற்சிக் கடனுக்கும் உதவட்டும். முதலாளியின் முற்பணத்தில் இருந்து ஒரு குடும்பம் வெளியே வந்தால்தான் அந்தக் குடும்பம் வலையின் கண்ணைத் தானாகத் தீர்மானிக்க முடியும்.

கணக்கை எப்போது எடுப்பது என்பதில் ஒரு யோசனை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் சித்திரை 15 முதல் ஆனி 14 வரை, ஆங்கில மாதக் கணக்கில் ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் நடுவரை, 61 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. அந்த நாள்களில் எங்கள் கடலில் இருப்பது பெரும்பாலும் எங்கள் வலை. ஒவ்வோர் ஊரிலும் சில படகு பழைய கண்ணோடும் சில படகு பெரிய கண்ணோடும் போய், வந்ததை எல்லாம் நிறுத்து எழுதினால், எங்கள் வலை என்ன செய்கிறது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். தடை முடிந்து இழுவைப் படகுகள் திரும்பிய பிறகு இன்னொரு மாதம் அதே கணக்கைத் தொடர்ந்தால், அவை வந்ததும் என்ன குறைகிறது, எத்தனை வலை அறுபடுகிறது என்பதும் அதே புத்தகத்தில் பதிவாகும். அப்போது மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் போய் நிற்பதற்கும், இரு நாட்டுப் பேச்சுவார்த்தையில் கொடுப்பதற்கும் கோபத்தோடு கூடவே எடையும் திகதியும் இருக்கும். வீதிப் போராட்டத்தை நான் தள்ளிவைக்கவில்லை, அதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்கிறேன். கோரிக்கையையும் ஒன்றாகச் சுருக்க வேண்டும்: 2017 சட்டத்தை உள்ளூர், வெளியூர் என்று பாராமல் இழுவை மடிக்கு எதிராக நடைமுறைப்படுத்து. தங்கூசி வலை வைத்திருக்கிற சின்னத் தொழிலாளிக்கு முதலில் மாற்று வலை, பிறகு சட்டம்.

அதே புத்தகம் கொம்பனியிடமும் போகும். கடற்பாலூட்டி விதிக்காகக் கரையில் இருந்து தகவல் தேவைப்படுவது ஏற்றுமதியாளருக்குத்தான். கடற்புல் திட்டில் இரவு வலை விடாத நாலு ஊரின் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவருக்குப் பணமதிப்புள்ள காகிதம். அதைச் சும்மா கொடுக்கக் கூடாது, கிலோவுக்கு என்ன கூடுதல் என்று பேசித்தான் கொடுக்க வேண்டும். ஆவுளியா சிக்கினால் முதல் தகவல் சங்கத்துக்குச் சொல்பவரை வழக்குக்கு இழுக்காத ஓர் ஏற்பாட்டைத் திணைக்களங்களோடு முன்கூட்டியே எழுத்தில் பேசிவைப்பதும் அவசியம், இல்லாவிட்டால் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் வெறுமையாகவே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் படமும் ஆமையின் முதலுதவியும் இந்த வேலையின் கூடவே நடக்கலாம். அவற்றுக்குத் தனிப் பணம் தேவையில்லை, ஓர் ஆசிரியரும் ஒரு படகுக்காரரும் போதும்.

சித்திரை நடுவில் கணக்குத் தொடங்க வேண்டுமானால் பெரிய கண் வலைகள் பங்குனிக்குள் முடிந்து கையில் இருக்க வேண்டும், அதற்கு மாசிக்குள் கடன் தயாராக வேண்டும். தைப்பொங்கல் கழிந்த முதல் கிழமையில் இந்த நாலு ஊர்ச் சங்கத் தலைவர்களும், ஊருக்கு இரண்டு பேராக நண்டு கழற்றுகிற பெண்களும், பங்குத்தந்தையும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் நாள் போதும். கூட்டம் பகல் பதினொரு மணிக்குப் பிறகு வைக்கட்டும், அதற்கு முன்னால் அந்தப் பெண்களின் கை வலைக்குள் இருக்கும்.